பவுசரின் புகைக்கணக்கு

முஃப்லிஹாவை ஊரில் புகைக்காரி என்றுதான் சொல்வார்கள். பீடி குடிக்கிறவள் என்று வெளியூர் ஆட்கள் நினைத்துவிட வேண்டாம். அரிசி ஆலை, தையல் தொழிற்சாலை, ஹோட்டல் என்று டீசலும் மின்சாரமும் விறகும் செலவாகிற இடங்களுக்குப் போய், அவற்றால் வருடத்துக்கு எவ்வளவு காபன் காற்றில் சேர்கிறது என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பது அவளுடைய உத்தியோகம். வவுனியாவில் சாருஜன் நடத்துகிற சின்ன அலுவலகத்தில் வேலை. அதில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தானே ஏறிப் போய்ப் பார்க்காத வண்டியைக் கணக்கில் எழுதமாட்டாள். நெல் லொறியில் மூட்டைகளுக்கு மேலே உட்கார்ந்து இரணைமடுவிலிருந்து கிளிநொச்சி ஆலைவரை போனவள். இறங்கும்போது உடுப்பெல்லாம் தூசி. அதில் அவளுக்குப் பெருமை வேறு.

போன வருடம், முல்லைத்தீவுப் பக்கம் அவளுடைய ஊரை ஒட்டியிருக்கும் இராணுவ முகாமிலிருந்தே வேலை வந்தது. எரிபொருள், மின்சாரம், பயணம் எல்லாவற்றையும் அளந்து, காபனில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்க வழி சொல்ல வேண்டும் என்று மேலிடத்து உத்தரவாம். சாருஜன் கடிதத்தை அவளிடம் தள்ளினார்.

"நீங்கள்தான் போகவேணுமெண்டு இல்லை, முஃப்லிஹா. யோசிச்சுச் சொல்லுங்கோ."

"எனக்குக் கணக்கும் தெரியும், சிங்களமும் தெரியும். வேற ஆரை அனுப்பப் போறீங்க?"

சிங்களம் புத்தளத்தில் வந்தது. ஊரே இடம்பெயர்ந்து கிடந்த காலத்தில் அங்கே ஓலைக் குடிசையில் பிறந்தவள் அவள். போர் முடிந்த பிறகு வாப்பா இஸ்ஸதீனோடு திரும்பி வந்தபோதுதான் சொந்த ஊரையே முதன்முதலாகப் பார்த்தாள். அப்போது ஊரில் பாதி முகாம் வேலிக்குள் போயிருந்தது.

முகாமின் மேஜர் மரியாதையான மனிதர். கதிரை போட்டு, பிளேன்டீ கொடுத்து, கேட்ட பில்களையெல்லாம் எடுத்துத் தந்தார். ஜெனரேற்றர் வரைக்கும் சச்சரவில்லை. சிப்பாய்கள் லீவில் ஊருக்குப் போகிற பஸ்களில்தான் முதல் இழுபறி.

"அது அவர்களுடைய சொந்தப் பயணம்" என்றார் மேஜர்.

"இங்கே வந்தது சொந்த விருப்பத்திலா, சேர்?"

மேஜர் சிரித்துவிட்டார். பஸ்கள் கணக்கில் ஏறின.

அன்று பின்னேரம் வாப்பா அவளைக் குசினிப் பக்கம் கூப்பிட்டார்.

"மகள், பவுசர மட்டும் எழுதாத."

அவர்கள் இருக்கிற கடற்கரைப் பக்கத்துக் கிணறுகளில் உப்பு. குடிக்கவும் சமைக்கவும் முகாமின் தண்ணீர்த் தாங்கி வண்டியான பவுசர்தான் தினமும் வந்து ஊற்றிவிட்டுப் போகும்.

"உன்ட கணக்குல அதுவும் புகையெண்டு வந்தா, முதல்ல அதைத்தான் வெட்டுவாங்கள். அவங்களுக்கு அதுதான் லேசு."

வாப்பா சொன்னதில் பிழையில்லை. குறைக்கச் சொன்னால் யாரும் தன் வசதியை முதலில் குறைக்கமாட்டான். எழுதாமல் விட்டால் கணக்கு பொய். எழுதினால் ஊருக்குத் தண்ணீர் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வண்டியில் ஏற அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் விடிந்ததும் போய் ஏறினாள்.

பவுசர் நகரத்துக்குப் போய்த் தண்ணீர் நிரப்பும் என்றுதான் நினைத்திருந்தாள். அது முகாமை விட்டு வெளியே போகவே இல்லை. சமையல் கொட்டிலுக்குப் பின்னால், கல் கட்டிய பெரிய கிணற்றடியில் நின்றது. பம்ப் ஓடத் தொடங்கியது. பவுசரின் படியில் நின்றபடி, தகரம் அடித்த முட்கம்பி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு ஹாலிதா மாமியின் கோழிக்கூடு. அதற்குப் பக்கத்தில் அவளுடைய வீட்டுக் கூரை. வேலியில் காய்கிற சாரம் வாப்பாவுடையது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

நிரம்பிய பவுசர் எதிர்ப்பக்க வாசலால் வெளியேறி, குளத்துக் கட்டால் போய், பெருந்தெருவில் ஏறி, முகாமை முழுதாகச் சுற்றிவந்து அதே கோழிக்கூட்டடியில் மூச்சிரைத்து நின்றது. தினமும் நாலு தரம் இந்த ஊர்வலம். முஃப்லிஹா வாய்விட்டுச் சிரித்தாள். சாரதி பயந்துபோய்ப் பார்த்தான்.

இறங்கியவள் நேரே வாப்பாவிடம் போனாள்.

"அந்தக் கிணறு ஆர்ட வாப்பா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எங்கட ஊர்க் கிணறுதான்."

"ஏன் சொல்லேல்ல?"

"காணி கேட்டு அரசாங்கக் கச்சேரிக்கு நடந்து நடந்து செருப்புத் தேஞ்சது, மகள். காணி தரேலாதெண்டாங்கள். தண்ணியாவது தாறாங்களே. கிணத்தக் கேக்கப் போய் அதையும் விடச் சொல்றியா?"

பெரியவர்களுக்கெல்லாம் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவளுக்கு ஆத்திரம் வந்தது. பெருநாளைக்கு அந்தச் சாரதிக்கு வட்டிலப்பம் கொடுத்து, தண்ணீருக்கு நன்றி சொன்னவளே அவள்தான்! சொந்தக் கிணற்றுத் தண்ணீருக்கு.

அறிக்கையை அவள் ஒரு வரி கூட்டாமல் குறைக்காமல் எழுதினாள். முகாமின் காபனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இந்தப் பவுசரின் டீசல். சூரியத் தகடு தேவையில்லை, புது வண்டி தேவையில்லை. அந்த மூலையில் கிணறு ஊர்ப் பக்கம் வரும்படி வேலியை முகாமுக்குள் தள்ளிப் போட்டால் போதும்.

மேஜர் இரண்டு தரம் வாசித்தார்.

"இது காணிப் பிரச்சினை, மிஸ். காபன் பிரச்சினை இல்லை."

"புகை எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்கள், சேர். இந்த வேலியிலிருந்துதான் வருகிறது."

"பவுசர் மனிதாபிமான சேவை. அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாமே?"

"எடுக்கலாம். அப்போது அடியில் என்னுடைய பெயர் இருக்காது."

அறிக்கை அப்படியே மேலிடத்துக்குப் போனது. அடுத்த வாரம் பவுசர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வெறுந் தண்ணீர்க் கான்களோடு தெருவில் நின்ற பெண்கள் முஃப்லிஹாவைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அவள் உள்ளே வந்தால் வாப்பா எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவார். அவள் ஆட்டோ பிடித்து நகரத்துக்குப் போய்க் கான்களில் தண்ணீர் கொண்டுவந்து வீடு வீடாகக் கொடுத்தாள். ஆனால் எழுதியது சரி என்பதில் சந்தேகமில்லை.

மூன்றாம் நாள் காலை முகாம் பக்கம் அலவாங்கால் நிலத்தைக் கிண்டுகிற சத்தம் கேட்டது. மேலிடத்து உத்தரவாம், சிப்பாய்கள் வேலிக் கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்குள் முட்கம்பி கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. மற்றக் காணியெல்லாம் இன்னும் உள்ளேதான். ஆனால் கிணறு வெளியே வந்துவிட்டது. ஊர் முழுக்கக் கிணற்றடியில். இஸ்ஸதீன் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதார்.

அசர் தொழுகைக்குப் பிறகு, புது வேலியில் விட்டிருந்த இடைவெளியால் இரண்டு சிப்பாய்கள் கான்களோடு வந்து தயங்கி நின்றார்கள். முகாமின் சமையலுக்கும் அந்தக் கிணறுதான், குழாய் இன்னும் போடவில்லை. ஒருவன் முஃப்லிஹாவிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டான்.

"என்னவாம்?" என்றார் வாப்பா.

"தண்ணி எடுக்கலாமோவெண்டு உங்களிட்டக் கேக்கிறான்."

இஸ்ஸதீன் அந்தப் பையனை நன்றாகப் பார்த்தார். பிறகு எழுந்து வாளியைக் கிணற்றில் விட்டார்.

"கானைத் திறக்கச் சொல்லு, மகள்."