கூரைக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர்

பூங்காவனம் அக்கா போய்விட்ட செய்தி வந்தபோது நான் டோல்கேட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க வந்தவன். போனில் அக்காவின் மகன் முருகன். "மாமா, அம்மா பூட்ச்சி" என்றான். வந்த பஸ்ஸை விட்டேன். அடுத்ததையும் விட்டேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மீனவர் சங்கத்தில் எழுதிக்கொண்டார்கள். இதைப் படிக்கப்போகிற உங்களில் பலருக்கு மீன் கூடையோடு தெருவில் வந்த அக்காவைத் தெரியும். வலை பின்னும் கூடத்தின் கூரைக்காக வீடு வீடாகத் தண்ணீர் கேட்டு நின்ற அக்காவைத் தெரிந்தவர்கள் இப்போது குறைந்துபோனோம்.

திருவொற்றியூருக்கு வடக்கே எங்கள் குப்பத்தில் இப்போது நிற்கும் கூடத்துக்கு முன்னால், அதே இடத்தில் வேறொரு கூடம் இருந்தது. நாங்களே கட்டியது. கடல் எதிரில் கிடக்கிறது, எதற்கு லாரித் தண்ணீர் என்று கடல் தண்ணீரிலேயே சிமெண்டைக் கலந்து தளம் போட்டோம். சில வருடங்களில் கூரையின் அடியில் பழுப்பாகக் கோடுகள் ஓடின. ஆடித் திருவிழா வந்தால் அதன் மேல் பூசி வெள்ளையடித்துவிடுவோம். ஒரு மத்தியானம் அக்காவின் வீட்டுக்காரர் ஏழுமலை மாமா அங்கே வலை பின்னிக்கொண்டிருந்தார். கதவு அகலத்துக்கு ஒரு துண்டு பெயர்ந்து அவர் முதுகில் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உயிரோடு திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. விதி என்றோம். அக்காவும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

பிறகு அக்கா எண்ணூர் பக்கம் கப்பலைக் கட்டி நிறுத்தும் மேடை ஒன்றின் வேலைக்குச் சித்தாளாகப் போனார். அங்கே யாரோ கடல் தண்ணீரை மொண்டு கலவையில் ஊற்றப் போக, மேஸ்திரி ஓடி வந்து வாளியைப் பிடுங்கியிருக்கிறார். ஏன் என்று அக்கா கேட்டதற்கு அவர் விவரம் சொல்லியிருக்கிறார். உப்பு உள்ளே போய்க் கம்பியைப் பிடித்தால் கம்பி துருவேறி ஊதும், ஊதின கம்பி சிமெண்டை வெடிக்கவைத்து வெளியே தள்ளும் என்று. அன்றைக்கு அக்கா தன் வீட்டுக்குப் போகாமல் நேராக என் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்போ விதி இல்லடா தேசப்பா, உப்புடா. நம்ம கையால ஊத்துன உப்பு" என்றார். மாமாவின் சாவுக்கு அழுததைவிட அன்றுதான் அதிகம் அழுதார்.

புதுக் கூடம் கட்டும்போது லாரித் தண்ணீரில்தான் கலக்க வேண்டும் என்று அக்கா நின்றார். கம்பி வெளிக்காற்றுக்குக் கிட்டே வராமல் உள்ளே தள்ளி உட்கார, அடியில் சிமெண்டுக் கட்டை வைக்கச் சொன்னார். அதுவரைக்கும் யாரும் மறுக்கவில்லை. தளம் போட்ட பிறகுதான் சண்டை. தளம் வெடிக்காமல் இறுக, அதன் மேல் பாத்தி கட்டி, சில நாள் காயாமல் தண்ணீர் நிறுத்த வேண்டும். கத்திரி வெயில். லாரி ஒரு நாள் வந்தால் மறுநாள் வராது. வீட்டுக்கு ஒரு குடம் கொடுங்கள் என்று அக்கா தெருவில் இறங்கினார்.

"கொழந்தைக்கு குடிக்கத் தண்ணி இல்லாம நான் பேஜார்ல கீறேன், உன் கூரைக்கு இன்னா யக்கா தாகம்?" என்றாள் எதிர்வீட்டுக் கன்னியம்மா.

"பச்ச ஒடம்புடி அது. இப்போ குடுக்கறதுதான் அதுக்கு ஒட்டும்."

"பெத்தது யாரு, மேஸ்திரியா?"

தெருவே சிரித்தது. அக்காவும் சிரித்தார். ஆனால் குடத்தைக் கீழே வைக்கவில்லை. தன் வீட்டுத் தண்ணீரை முழுக்க மேலே கொண்டுபோய் ஊற்றிவிட்டு, அக்கா குளித்தது கடலில், பாத்திரம் கழுவியதும் கடலில். உப்புப் பூத்த கையைச் சொறிந்துகொண்டே ஏணி ஏறினார்.

ஒரு நாள் அக்கா ஏறிப் பார்த்தால் பாத்தியில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்பு" என்றார். கீழே நின்ற நாங்கள் யார் ஊற்றியது என்று ஒருவரையொருவர் பார்த்தோம். முருகன்தான் முன்னால் வந்தான்.

"நான்தாம்மா. இடுப்பு நோவுதுன்னு ராவெல்லாம் மொனகிகினு கெடந்தியே. கடல்தான் பக்கத்துல கீதேன்னு..."

அக்கா அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. "உங்கப்பன இதுதான்டா தின்னுச்சி" என்றார். அவ்வளவுதான். அவன் ஏணியில் ஏறி வாளியால் மொண்டு வெளியே கொட்ட ஆரம்பித்தான். கொட்டினால் போதாது, நல்ல தண்ணீர் விட்டு அலசி, திரும்பவும் நிரப்ப வேண்டும். அக்கா வீட்டில் ஒரு சொட்டு இல்லை. யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

முதல் குடம் கன்னியம்மாவுடையது. "அர கொடந்தான் கீது. இன்னிக்கி என் வூட்ல சோறு இல்லன்னு என் புருசன்கிட்ட நீயே வந்து சொல்லு" என்று திட்டிக்கொண்டே ஏணியில் ஏற்றினாள். அதற்குப் பிறகு குடங்கள் ஏறிக்கொண்டே இருந்தன. சில வீடுகள் கடைசிவரை கொடுக்கவில்லை. அக்கா அவர்கள் வாசலை ஒரு நாளும் குத்திக்காட்டிப் பேசியதில்லை.

அக்கா போன அன்று அவரை அந்தக் கூடத்தில்தான் கிடத்தினார்கள். சந்தெல்லாம் மழைத் தண்ணீர், வீட்டில் ஆள் நிற்க இடமில்லை. கன்னியம்மா தலைமாட்டில் உட்கார்ந்து, யார் சொல்லியும் எழுந்திருக்காமல் இருந்தாள். அக்கா முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அண்ணாந்து கூரையைப் பார்த்தேன். அத்தனை மழைக்கும் ஒரு கோடு இல்லை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. மாமா போன பிறகு, எந்தக் கூரைக்கடியில் உட்கார்ந்தாலும் நாலு கண்ணி பின்னுவோம், அண்ணாந்து பார்ப்போம், மறுபடி நாலு கண்ணி பின்னுவோம். அந்தப் பழக்கம் எங்களைவிட்டு எப்போது போனது என்றே தெரியவில்லை. அக்கா எனக்கு விட்டுப்போனது, அண்ணாந்து பார்க்க வேண்டாத அந்தக் கூரைதான். நாளைக்குக் காலையிலும் அங்கே போய், குனிந்த தலை நிமிராமல் வலை பின்னுவேன்.