ஆட்டத்துக்கு முன் தர வேண்டிய மனு

எங்கள் தலைமை ஆசிரியை பச்சை மையில்தான் கையெழுத்துப் போடுவார். மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு அரசு கொடுத்திருக்கும் சின்னப் பெருமை அது. ஒவ்வோர் ஆடி மாதமும் குறுவட்ட விளையாட்டுப் போட்டிக்கான தகுதிப் படிவங்களை அவர் மேசையில் கொண்டுபோய் அடுக்குவேன். பையனின் புகைப்படம், அப்பா பெயர், பிறந்த தேதி, சேர்க்கை எண், அவ்வளவுதான் படிவம். மற்ற பள்ளிகளில் பேசிக்கொண்டே கையெழுத்திட்டுத் தள்ளிவிடுவார்கள். இவரோ சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துவரச் சொல்லி, விரலை வரிவரியாக நகர்த்தி, ஒவ்வொரு தேதியையும் ஒத்துப்பார்ப்பார். அதன் பிறகுதான் பாதி புகைப்படத்திலும் பாதி தாளிலும் விழும்படி பச்சைக் கையெழுத்து. பதினெட்டுப் படிவத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். வெளியே பையன்கள் பந்தோடு காத்திருப்பார்கள். நான் ஸ்டூல் நுனியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். கணக்கு டீச்சராக இருந்து தலைமை ஆசிரியை ஆனவர்களிடம் மாட்டினால் இப்படித்தான் என்று மனதுக்குள் திட்டியும் இருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்திலிருந்த அந்த அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்தேன். மைதானம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். கணுக்கால்வரை மணல், இரண்டு பக்கமும் சவுக்குக் கழிகளை நட்டுக் கட்டிய கோல். பூட்ஸ் ஒன்பது ஜோடி இருந்தது, அதில் நான்கு ஜோடி வலது கால் ஓர் அளவு, இடது கால் ஓர் அளவு. ஆனால் மணலில் ஓடிப் பழகிய பையன்களைப் புல்தரையில் இறக்கிவிட்டால் யாராலும் பிடிக்க முடியாது. அந்தக் கர்வம் எனக்கு உண்டு. அந்தக் கர்வத்தை ஆண்டுதோறும் ஏதாவது ஒரு சுற்றில் உடைத்துக்கொண்டிருந்தது கூடுவாஞ்சேரிப் பக்கத்திலிருந்த ஒரு தனியார் பள்ளி. அவர்களுக்குப் புல்தரை உண்டு, வேன் உண்டு, பயிற்சி முடிந்ததும் ஆளுக்கு இரண்டு முட்டை உண்டு. அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அவர்கள் அணியில் மூன்று பேர் நான் வளர்த்த பையன்களாக இருப்பார்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்தப் பள்ளியின் பி.டி. மாஸ்டர் எங்கள் ஆட்டங்களுக்கு வந்து, ஓரமாக ஒரு மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். மே மாதம் பையனின் வீட்டுக்கே போய்விடுவார். கட்டணம் இல்லை, விடுதி இலவசம், புது பூட்ஸ், காலையில் பால். எந்த அம்மா வேண்டாம் என்பாள்? ஒருமுறை நான் நேராகவே சண்டைக்குப் போனேன். அவர் கோபப்படவே இல்லை. என் தோளில் கைபோட்டுக்கொண்டு, "இன்னாத்துக்கு சாரே டென்சன் ஆவுற? ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தம்புள்ள தானா வளரும்னு சொல்லிக்கிறாங்க இல்ல? நீ ஊட்டு. உனக்குப் புண்ணியம்" என்றார். அன்று இரவுச் சோறு எனக்கு இறங்கவில்லை.

அப்படி அவர்கள் கொண்டுபோன பையன்களில் எனக்கு மிகவும் வலித்தது எங்கள் ஸ்டாப்பர். பின்வரிசையின் நடுவில் அவன் நின்றால் கோல்கீப்பர் உட்கார்ந்து கதை பேசலாம். அவன் அம்மா அணுமின் நிலையக் குடியிருப்பில் ஒப்பந்தத்தில் துப்புரவு வேலை பார்த்தார். அதற்கு முந்தைய தலைமுறை முழுக்க அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். பத்தாம் வகுப்பில் அவன் அறிவியலில் எழுபத்தெட்டு வாங்கியதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, மறு வாரம் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்து நின்றார். நான் தலைமை ஆசிரியையின் அறைக்கு ஓடினேன். பத்து நாள் இழுத்தடித்தால் போதும், அங்கே சேர்க்கை முடிந்துவிடும், பையன் இங்கேயே இருப்பான் என்று கெஞ்சினேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "நம்ம ஸ்கூல்ல பிசிக்ஸ் போஸ்ட் ரெண்டு வருஷமா காலியா இருக்கு சார். பிசிக்ஸை நீங்க எடுக்கறீங்களா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே சான்றிதழில் கையெழுத்திட்டார். அவரோடு ஒரு வாரம் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை, அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த ஆண்டுதான் எங்கள் பதினேழு வயதுக்குட்பட்டோர் அணி நன்றாக அமைந்தது. இறுதிப் போட்டிக்கும் வந்தோம். எதிரே அதே தனியார் பள்ளி, அவர்கள் பின்வரிசையின் நடுவில் எங்கள் ஸ்டாப்பர். அவனைத் தாண்டி கோல் போட முடியாது என்பது அவனை வளர்த்த எனக்கல்லவா தெரியும். கூடவே இன்னொன்றும் தெரியும். அவனுக்குப் பதினேழு வயது தாண்டிவிட்டது.

கதை இதுதான். அவனை முதல் வகுப்பில் சேர்க்கப் போனபோது, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார்கள். குள்ளப் பையன், எட்டவில்லை. அடுத்த வருடம் வா என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருடம் அம்மாவும் அப்பாவும் செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள். அதற்கடுத்த வருடம் காது எட்டியது. எட்டிய கைக்கு ஐந்து வயது என்று கணக்கு வைத்து, ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதிக்கொண்டார்கள். ஆக, காகிதத்தில் அவனுக்கு இரண்டு வயது குறைவு. சரியான தேதி சர்ச்சில் கொடுத்த ஞானஸ்நானச் சீட்டில் இருந்தது. ஆறாம் வகுப்பில் எங்களிடம் சேர்க்க வந்தபோது அந்த அம்மா அதை என்னிடம் நீட்டினார். "வயச தப்பா போட்டுக்கீறாங்க சார். இத்த பாத்து மாத்திக் குடுங்க." நான் சீட்டையும் பார்த்தேன், பையன் பந்தைக் காலால் நிறுத்தி நின்ற விதத்தையும் பார்த்தேன். "இருக்கட்டும்மா. வயசு கம்மியா இருந்தா பின்னாடி கவர்மென்ட் வேலைக்கு நல்லது" என்றேன். ஊரில் எல்லோரும் சொல்வதுதான். அவரும் நம்பிக்கையோடு சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். எட்டாம் வகுப்பில் அவனை வைத்துத்தான் பதினான்கு வயதுக்குட்பட்டோர் ஷீல்டை வாங்கினோம். எங்கள் பள்ளி கால்பந்தில் வாங்கிய ஒரே பரிசு.

இறுதிப் போட்டிக்கு முந்தைய வாரம் நான் சர்ச்சுக்குப் போனேன். பையனின் கல்வி உதவித்தொகைக்கு வேண்டும் என்று பாதிரியாரிடம் பொய் சொல்லி, ஞானஸ்நானச் சீட்டுக்கு நகல் வாங்கிக்கொண்டேன். எதிரணி ஆட்டக்காரன் வயதில் ஆட்சேபணை இருந்தால், ஆட்டம் தொடங்குவதற்கு முன் எழுத்தில் மனு கொடுக்க வேண்டும், அதில் தலைமை ஆசிரியர் கையெழுத்து இருக்க வேண்டும் என்பது விதி. தொடங்கிவிட்டால் செல்லாது. மனுவை நானே எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். செங்கல்பட்டு மைதானத்துக்குப் பேருந்தில் போகும்போது பையன்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அந்தப் பையை விட்டுக் கை எடுக்க முடியவில்லை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்.

தலைமை ஆசிரியை அன்றுதான் முதல்முறையாக ஒரு கால்பந்து ஆட்டத்துக்கு வந்தார். குடையும் கைப்பையுமாக, புங்க மரத்தடியில் ஓர் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்று மணிக்கு ஆட்டம். இரண்டே முக்காலுக்கு அவரிடம் போய் மனுவையும் நகலையும் கொடுத்தேன். கைகாட்டும் தூரத்தில் தனியார் பள்ளிப் பையன்கள் வரிசையாகக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்கள். எங்கள் ஸ்டாப்பர் எங்களைப் பார்த்துவிட்டு, "மேடம், வணக்கம். சார், வணக்கம்" என்று அங்கிருந்தே கத்தினான். மேடம் கையை உயர்த்தினார். நான் உயர்த்தவில்லை.

அவர் இரண்டு தாள்களையும் படித்தார். படிவங்களைப் படிக்கிற அதே வேகம்தான். எனக்குக் கடிகாரத்தின் மேலிருந்து கண் நகரவில்லை.

"இது உங்களுக்கு எப்ப தெரியும் சார்?"

"போன வாரம்தான் மேடம்."

அவர் நகலை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். குரல் உயரவே இல்லை. "ஆறாவது சேக்க வந்தப்ப அவங்க அம்மா இந்தச் சீட்டை முதல்ல என்கிட்டதான் நீட்டினாங்க. அன்னைக்கு ஆடிட். பி.டி. சார்கிட்ட கொடுங்க, கிளார்க்கிட்ட சொல்லி மாத்திடுவார்னு நான்தான் அனுப்பினேன். நீங்க வந்து ஒண்ணும் சொல்லலை. நானும் அப்புறம் கேக்கலை. அது என் தப்பு."

ஐந்து வருடமாக அவர் ஒரு தேதி விடாமல் ஒத்துப்பார்த்துக்கொண்டிருந்த பதிவேட்டிலேயே தப்பான தேதி இருந்தது. அதைத் தப்பாகவே விட்டுவைத்தவன் எதிரே நின்றுகொண்டிருந்தேன். நடுவர் மைதானத்தின் நடுவுக்குப் போய்ப் பந்தை அழுத்திப் பார்த்தார். எங்கள் கேப்டன் ஓடிவந்து, "சார், இன்னா சார், லைன்ல நிக்கச் சொல்றாங்க" என்றான். போடா, வருகிறேன் என்று விரட்டினேன்.

"அவங்க நம்ம பசங்கள எடுத்துட்டுப் போறது நியாயமா மேடம்?" என்று கேட்டேன். எனக்கே அது அழுகைபோலக் கேட்டது.

"நியாயமில்லதான். அதுக்கு ஒரு மனு எழுதுங்க, எந்த ஆபீஸுக்கு வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன். இது வேற." கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் மனுவின் மேல் வைத்தார். "இதுல இன்னொண்ணு எழுதுங்க. எட்டாவதுல இதே பையனை வெச்சு வாங்கின ஷீல்டைத் திருப்பிக் கொடுக்கறோம்னு. ரெண்டுலயும் கையெழுத்துப் போடறேன். ஒண்ணுல மட்டும் போட மாட்டேன்." பேனாவைத் திறந்து நீட்டியபடி, "அப்புறம் அவனை அங்க வெச்சுப்பாங்களா சார்?" என்றும் கேட்டார்.

வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆடும்வரைக்கும்தான் விடுதியும் பிசிக்ஸும். அது எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த ஒரு வாரத்தில் ஒருமுறைகூட அது என் நினைவுக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது. ஆட்டம் தொடங்க இரண்டு நிமிடம்தான் இருந்தது. பேனா என் பக்கம் நீண்டபடியே இருந்தது. நடுவர் விசிலை வாயில் வைத்தார்.

பையனின் எதிர்காலத்தை நினைத்து மனுவைக் கிழித்துப்போட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. ஷீல்டைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கோட்டருகே போய் நின்றேன். ஆட்டம் தொடங்கியது. ஒன்று–பூஜ்யத்தில் தோற்றோம். எங்கள் பையன்கள் அடித்த பந்தையெல்லாம் எங்கள் ஸ்டாப்பரே தலையாலும் மார்பாலும் தடுத்துத் திருப்பினான். நான் சொல்லிக்கொடுத்த இடத்தில், நான் சொல்லிக்கொடுத்தபடியே நின்றான். திரும்பி வரும்போது பேருந்தில் யாரும் பாடவில்லை.

தலைமை ஆசிரியை அந்தப் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை. நானும் தப்பித்தோம் என்று இருந்தேன். அடுத்த இரண்டு ஆடி மாதங்களிலும் படிவங்களை வழக்கம்போல் சரிபார்த்தார், நான் வழக்கம்போல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஸ்டாப்பர் பன்னிரண்டாவது முடித்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் சென்னையில் ஒரு கல்லூரியில் சேர்ந்தான். அவன் கல்லூரிக்குள் கால் வைத்த மாதத்தில், எங்கள் அலுவலக அலமாரியில் ஷீல்டு இருந்த இடம் காலியாகக் கிடந்தது. எழுத்தரைக் கேட்டேன். மேடம் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குத் தாமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார் என்றார். ஓர் ஆட்டக்காரனின் வயது சரியில்லை, பரிசைத் திருப்பித் தருகிறோம் என்று கடிதம். பையனின் பெயர் இல்லை. பையன் பள்ளியை விட்டு வெளியேறட்டும் என்று அவர் இரண்டு வருடம் காத்திருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அலுவலகம் சும்மா இருக்குமா? ஏன் இந்தக் கவனக்குறைவு என்று விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அவர் ஓய்வு பெற எட்டு மாதம்தான் இருந்தது. ஓய்வூதியக் கோப்பு அந்த மெமோவில் சிக்கி, அவர் வீட்டுக்குப் போன பிறகும் வெகுநாள் நகரவில்லை. அவர் எழுதிய விளக்கத்தின் நகலை எழுத்தர் எனக்குக் காட்டினார். நாலே வரி. கடைசி இரண்டு வரி மனப்பாடம்: "வயது வேறுபாடு உடற்கல்வி ஆசிரியருக்குத் தெரியாது. பொறுப்பு முழுவதும் என்னுடையது." அவருடன் வேலை பார்த்த ஒன்பது வருடத்தில் அவர் எழுதி நான் பார்த்த ஒரே பொய் அது. என் வேலைக்காக எழுதியிருந்தார்.

ஓய்வு பெற்ற நாளில் மாலை வாங்கிப் போனேன், போட்டேன், கும்பிட்டேன், தப்பு என்னுடையது என்று மட்டும் சொல்லவில்லை. அதன் பிறகு இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். இரண்டு முறையும் மழையைப் பற்றியும் மாற்றல் கலந்தாய்வு பற்றியும் பேசிவிட்டுத் திரும்பினேன்.

இப்போது நான் குறுவட்டச் செயலாளர். அந்த ஒரு வரியின் தயவில் என் பணிப்பதிவேட்டில் கறை இல்லை, அதனால் கிடைத்த பதவி. தனியார் பள்ளிகள் அரசுப் பள்ளிப் பையன்களை அள்ளிக்கொண்டு போவது இன்றும் நடக்கிறது. அதில் நியாயமில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுகிறேன். பேசுவது பொய்யுமல்ல. உடற்கல்வி ஆசிரியர்கள் பலமாகக் கைதட்டுகிறார்கள். ஆனால் மைக்கைப் பிடித்ததும், கடைசி வரிசைவரை ஒருமுறை பார்த்து, அவர் வந்திருக்கவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டுதான் 'நியாயம்' என்ற சொல்லை எடுக்கிறேன்.