கள் என்றார்கள், அபின் என்றார்கள்

முதலில் மரத்தது வலது பாதம். தரையில் ஊன்றினால் நடுவே தடித்த துணி ஒன்று கிடப்பதுபோல் இருக்கும்.

அப்போது நான் மலாயாவில், பெக்கான் நானாஸில் ஓர் அன்னாசித் தொழிற்சாலையில் தகர டின்களுக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். மனைவி அந்தோணியம்மாள் ரெங்கம் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) சீவினாள். நான் சீனத் தொழிலாளர்களின் கொங்சியில் (பொதுக் குடியிருப்பு) தங்கி, அவர்களோடு வெள்ளைச் சோறும் கருவாடும் சாப்பிட்டேன். பக்கத்துப் படுக்கை ஆ கிம்முடையது.

ஒரு நாள் டின்களின்மேல் விழுந்தேன்.

"காலையிலேயே கள்ளா?" என்றார் மண்டோர் (மேற்பார்வையாளர்).

நான் கள்ளைத் தொட்டவனில்லை. தொழிற்சாலையில் மருந்து கொடுப்பவரும் பேதி மருந்து தந்து, "குடிய நிறுத்து, கால் தானா நிக்கும்" என்றார்.

சில நாட்களில் ஆ கிம்மும் தடுமாறினான். சீனன் என்பதால் அபின் என்று முடிவு செய்தார்கள். "காக்கி மாத்தி லா" என்று மலாயில் சொல்லிக் காலைத் தட்டிக் காட்டினான், கால் செத்துவிட்டதாம். யாரும் குனிந்து பார்க்கவில்லை.

செய்தி கேட்டு வந்த அந்தோணியம்மாள் முதலில் என் வாயை முகர்ந்தாள். பிறகு எங்கள் இருவர் கால்களையும் தொட்டுப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே வீக்கம். இது குடி இல்லீங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

ஆ கிம்மையும் வண்டியில் ஏற்றக் கேட்டோம். "அபின் மயக்கம். தூங்கட்டும்" என்று மண்டோர் விடவில்லை.

ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் டாக்டர் என் கணுக்காலை அழுத்தினார். விரல் பட்ட குழி அப்படியே நின்றது.

"என்ன அரிசி சாப்பிடுறீங்க?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. சொன்னேன். பெரிபெரி (தீட்டிய அரிசியையே உண்பதால் நரம்பும் இதயமும் தளரும் நோய்) என்றார்.

"தமிழங்க புழுங்கலரிசி சாப்பிடுறவங்க, இது வராதுன்னு நானும்தான் நெனச்சிருந்தேன்."

தவிடும் பச்சைப்பயறும் கொடுத்தார்கள். ஆ கிம்மைப் பற்றிச் சொன்னதும் டாக்டர் வண்டி அனுப்பினார். அது காலியாகத் திரும்பியது. முந்தின நாளே புதைத்திருந்தார்கள். அபின்தான் கொன்றது என்று அங்கே பேசிக்கொண்டார்களாம்.

உங்கள் காலும் இப்படி மரத்தால், என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை வைத்தியம் பார்ப்பவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

எனக்கு வீக்கம் வடிந்தது. உள்ளங்காலில் உணர்வு முழுதாகத் திரும்பவில்லை. பாதங்களைப் பார்த்தபடியே நடக்கிறேன். கோயிலுக்குப் போகும் சிறு தூரம்கூட நீண்டுவிட்டது. அந்தோணியம்மாள் அவசரப்படுத்துவதில்லை. கடைத்தெருவில் தெரியாதவர்கள் என் தள்ளாட்டத்தைக் கண்டதும் பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொள்கிறார்கள். நின்று விளக்குவதில்லை. எடுத்து வைத்த கால் தரையைத் தொட்டுவிட்டதா என்று பார்ப்பதிலேயே கவனமெல்லாம் போய்விடுகிறது.