ஹெட்போனுக்குள் மட்டும்

எனக்கு மட்டும் ஹெட்போனில் கேட்க வேண்டிய பாட்டு, வளவு முழுக்கக் கேட்டது. கண்டனூரில் ஒரு செட்டிநாட்டுக் கல்யாண வீடு; வளவு என்றால் அதன் தூண்கள் சூழ்ந்த நடுமுற்றம். மறுநாள் காலையில் திருப்பூட்டு, அதாவது தாலிகட்டு. அன்று சாயங்காலம் பிள்ளைகள் ஆடிப்பாட டிஜே வேண்டும் என்று என்னை அழைத்திருந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்து, தூண்களைச் சுற்றிப் பூக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஸ்பீக்கர் அலறியது. பூக்காரம்மா ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஏந்தாயி, உசுரே போயிருச்சு!" என்றார்.

டிஜே வேலையில் பாதி ஹெட்போனுக்குள்தான் நடக்கிறது. வெளியே ஒரு பாட்டு ஓடும்போதே அடுத்த பாட்டை நான் மட்டும் கேட்டுத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். அதற்காகக் கன்ட்ரோலரில் ஒவ்வொரு சேனலுக்கும் கியூ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் அந்தச் சேனலின் சத்தம் என் காதுக்கு வரும், வெளியே போகாது. அன்று அழுத்தினால் காதில் ஒன்றுமில்லை, வெளியே காது கிழிகிறது.

ஹெட்போன் பின்னைப் பிடுங்கிச் செருகினேன். அடாப்டரை மாற்றினேன். சத்தம் கூட்டும் திருகையும் பக்கத்துத் திருகையும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினேன். அந்தப் பக்கம் வந்த சமையல் மாஸ்டர் நின்று வேடிக்கை பார்த்தார்.

"என்ன பாப்பா, மக்கர் பண்ணுதா? ஆம்பளையாளு யாரையாச்சும் கூப்பிடவா?"

"உங்க சாம்பார்ல உப்புப் பத்தலண்ணே. பொம்பளையாளு யாரையாச்சும் கூப்பிடவா?"

அவர் இடத்தைக் காலி செய்தார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஆனால் மெஷினிடம் கோபப்பட்டால் வேலை நடக்காது. பழுது எங்கே இருக்கிறது என்று பார்ப்பதைவிட, எங்கே இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவதுதான் என் வழக்கம். முதல் இரண்டு சேனல்களும் லேப்டாப்பிலிருந்து வருகிற பாட்டு. மூன்றாவதில் கார்ட்லெஸ் மைக்கை நேராக இணைத்திருந்தேன். வெளியே போகாதபடி அந்தச் சேனலை அடியோடு இறக்கிவிட்டு, அதன் கியூவை அழுத்தினேன்.

ஹெட்போனில் சத்தம் வந்தது. அப்பாடா, ஹெட்போனில் பழுதில்லை, கோளாறு லேப்டாப்பில்தான் என்று நிம்மதியானேன். அதற்குப் பிறகுதான், அது ஒருவர் பேசுகிற சத்தம் என்பது உறைத்தது.

மணப்பெண்ணின் தோழிகள் ஒத்திகைக்கு வாங்கிப்போன மைக்கை அணைக்காமல் வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் ஏதோ ஓர் அறையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பேசியவர் மணப்பெண்ணின் அப்பா. தன் தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"மத்தியானமே முடிஞ்சு போச்சாம் தம்பி. அவளுக்குத் தெரியக் கூடாது. நாளைக்குத் திருப்பூட்டு முடியிற வரைக்கும் அவ காதுல விழுந்துறப்படாது. மதுரைக்குப் பேசிட்டேன். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் வச்சிருப்பாக. அவ போய் முகம் பாத்துரலாம்."

யாருடைய சாவைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அவர் மனைவியின் அண்ணன், மணப்பெண்ணுக்கு அம்மான், மதுரையில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். வர முடியாததால் வாழ்த்தைப் பேசி அனுப்பியிருந்தார். சாயங்காலம் எல்லோர் முன்னாலும் போடச் சொல்லி அந்தக் குரலை என்னிடம் கொடுத்திருந்தார்கள். அது என் லேப்டாப்பில் இருந்தது.

நாங்கள் அமராவதிபுதூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். எங்களுக்கு இந்தக் கணக்குக் கிடையாது. ஆனால் கல்யாண வீடுகளிலேயே திரிந்ததில் தெரிந்துகொண்டிருந்தேன். கூடப்பிறந்தவர் இறந்த செய்தி காதில் விழுந்தால்தான் தீட்டு, விழாதவரைக்கும் இல்லை. விழுந்துவிட்டால் பெற்ற தாய் மகளின் சடங்கில் நிற்க முடியாது. கல்யாணமே தள்ளிப்போனாலும் போகும்.

வெடுக்கென்று தலையைத் தூக்கி வளவைப் பார்த்தேன். மைக் சத்தமும் வெளியே போயிருந்தால்? பூக்காரம்மா வெற்றிலை மென்றபடி நாரைக் கிழித்துக்கொண்டிருந்தார். யாருக்கும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. மூன்றாவது சேனலின் கியூவை அணைத்தேன்.

லேப்டாப்பில் பழுதைக் கண்டுபிடிப்பது அதற்குப் பிறகு பெரிய வேலையாக இல்லை. சாஃப்ட்வேர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டபோது, ஹெட்போனுக்கும் ஸ்பீக்கருக்கும் உரிய வழிகளை மாற்றிப் போட்டுவிட்டிருந்தது. திருத்தினேன். பாட்டு என் காதுக்குள் அடங்கியது.

கொஞ்ச நேரத்தில் மணப்பெண்ணின் அப்பா வந்தார். "பாப்பா, அந்த வாய்ஸ் மெசேஜ் சாயங்காலம் வேணாம். நேரம் பத்தாது, போட்டுறாதீக" என்றார். சரி என்றேன். முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் போனதும் மணப்பெண்ணின் அம்மா வந்தார். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ.

"தங்கச்சி, எங்க அண்ணன் பேசுனத ஒருக்கா கேக்கணுமே. சத்தம் வெளிய போகாதுல்ல?"

மகள் கேட்பதற்கு முன் தான் மட்டும் ஒருமுறை கேட்க ஆசைப்படுகிறார் என்றுதான் எண்ணினேன். முடியாது என்று மறுக்க வாய் வரவில்லை. சரிசெய்த லேப்டாப்பை நம்பவும் மனமில்லை. ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயர்களையும் கன்ட்ரோலரிலிருந்து பிடுங்கிக் கீழே போட்டேன். "இப்ப வெளிய போக வழியே இல்லை ஆச்சி" என்று, அந்த வீட்டுப் பெண்களை எல்லோரும் அழைப்பதுபோல அழைத்து, ஹெட்போனைக் கொடுத்தேன். பூ நசுங்காமல் மாட்டிக்கொண்டார்.

அவர் அண்ணன் சொல்லியிருந்தது சின்ன வாழ்த்துதான். 'நான் வரலேன்னு என் தங்கச்சி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருப்பா. அவளுக்கு ரெண்டு இட்லி சேத்து வைங்கப்பா' என்று சிரிப்போடு முடியும். ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொருமுறை என்று விரலைக் காட்டினார். மறுபடியும் காட்டினார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஆள் வருகிறார்களா என்று நான் வளவைப் பார்த்தபடி நின்றேன்.

ஹெட்போனைக் கழற்றி முந்தானையால் துடைத்தே கொடுத்தார்.

"அண்ணன் பொஞ்சாதி முதல்ல எனக்குத்தான் போன் போட்டாக" என்றார், மிக மெதுவாக. "எங்க வீட்டு அய்யாவுக்கு அப்புறந்தான் தெரியும். எனக்குத் தெரிஞ்சது அவுகளுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா தீட்டுன்னு என்னைச் சடங்குல நிக்க விடமாட்டாக. சாயங்காலம் இதப் போடும்போது நான் அழுதுட்டா எல்லாம் போச்சு. அதான் முன்னாடியே கேட்டுப் பழகிக்கிட்டேன்."

"போட வேணாம்னு அய்யா சொல்லிட்டாக ஆச்சி."

"வாழ்த்து வந்திருக்குன்னு எம்மகளுக்குத் தெரியும். போடாட்டி அம்மானுக்குப் போன் போடும். அப்ப என்ன செய்வீக?"

இது அந்த மனுஷருக்கு ஏன் தோன்றவில்லை என்று எனக்கு எரிச்சலாகவே இருந்தது. நேராகப் போய் அவரைத் தனியே அழைத்து, மைக் அணைக்காமல் இருந்ததையும் நான் கேட்டதையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"வளவுல கேட்டுச்சா? அவ கேட்டாளா?"

"எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சு அய்யா. ஆனா இதப் போடலேன்னா உங்க பொண்ணு அவருக்குப் போன் போடும்."

அதை என் யோசனையாகவே சொன்னேன். "போடுங்க" என்றார்.

சாயங்காலம் போட்டேன். இட்லி என்றதும் வளவே சிரித்தது. மணப்பெண் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ஆச்சி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்து, "பாத்தியா, என்னை விடவே மாட்டான்!" என்றார். அவர் கணவர் எதிர்த் தூணருகே நின்று மனைவியின் முகத்தையே கவனித்தார். ஆச்சி கணவர் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் திருப்பூட்டு முடிந்தது. நான் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது மணப்பெண்ணின் அப்பா தன் மனைவியை அறைக்குள் அழைத்துப்போனார். சிறிது நேரத்தில் அந்த அழுகை கேட்டது. முந்தின நாள் மதியத்திலிருந்து வைத்திருந்த அழுகை. பெண்கள் ஓடினார்கள். "பாவம், இப்பத்தான் சொல்லிருக்காக" என்றது ஒரு குரல். நான் பெட்டிக்குள் குனிந்துகொண்டேன்.

மதுரைக்குக் கார் வாசலில் நின்றது. ஆச்சியை ஏற்றிவிட்டு அவர் என்னிடம் வந்தார். கண்கள் சிவந்திருந்தன. ஆனாலும் பெரிய பாரத்தை இறக்கிவைத்த முகம்.

"பெரிய உதவி பாப்பா" என்றார். "நேத்தே தெரிஞ்சிருந்தா அவ தாங்கியிருக்க மாட்டா."

அவர் தோளுக்குப் பின்னால், கார்க் கண்ணாடி வழியே ஆச்சி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்கய்யா" என்றேன்.