மக்காவு வாசலில் ஒரு கை மல்லாட்டை

குடும்பத்தோடு முதல்முதலாக மக்காவு வந்தும், சூதாட்டக் கூடத்துக்குள் காலெடுத்து வைக்க மறுக்கிறார் என் வீட்டுக்காரர். இனி சீட்டைத் தொடமாட்டேன் என்று போன அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் சன்னதியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்த மனுஷர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. திண்டிவனத்திலிருந்து வறுத்துக் கொண்டுவந்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பையை அவரிடம் கொடுத்து வாசலில் உட்கார வைத்துவிட்டு, மகளோடு உள்ளே போகிறேன்.

தங்கத் தூண்களையும், முகம் சுளிக்காமல் தோற்கிறவர்களையும் பார்த்துவிட்டுத் திரும்பினால், இவர் பக்கத்தில் உள்ளூர் பஸ் டிரைவர் ஒருவர். என் வீட்டுக்காரர் மூடிய கையை அவரிடம் நீட்டுகிறார்.

“ஒத்தையா, ரெட்டையா?”

“டூ!” என்று இரண்டு விரலைக் காட்டுகிறார் டிரைவர். பாஷை தெரியாமலே ஆட்டம் பிடிபட்டுவிட்டது அவருக்கு. கை திறக்கிறது. எட்டு மல்லாட்டை. அத்தனையையும் வாரித் தன் தொப்பியில் போட்டுக்கொள்கிறார். எங்கள் பையில் பாதி காலி.

“ஏங்க, சத்தியம் இன்னாச்சி?”

“சீட்டத்தான தொடமாட்டேன்னேன்? மல்லாட்டையப் பத்தி அங்காளம்மாகிட்ட பேச்சே எடுக்கலியே. நீ சும்மா இரு, நானே தோத்துக்கினு கீறேன்.”

மறுபடி கை நீள்கிறது. டிரைவர் யோசிக்கிறார், யோசிக்கிறார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

“ஒத்தை!” என்கிறேன்.