காபிக்கு ஒரு மெர்சி

போன வெள்ளிக்கிழமை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்து நடந்து... கடைசியில் என் தங்கை ராஜாமணியே, “செத்த உட்காருங்கண்ணே” என்று சொல்லும்படி ஆகிவிட்டது.

காரணம்? அவளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைதான்.

காரைக்காலில் சர்க்கார் குமாஸ்தா. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். தாய்மாமனோடு அரியலூரில் ரயிலிறங்கி, எங்கள் ஊருக்கு வண்டியில் வந்தார். மோர் கொடுத்தேன். “மெர்சி, மிஸியே” என்றார். விசிறியை நீட்டினேன். அதற்கும் ஒரு மெர்சி. பிரெஞ்சில் நன்றி சொல்கிறாராம். வெறும் மெர்சி மரியாதையில்லை, கூடவே ஐயா, அம்மா என்று ஆளுக்குத் தக்கபடி சேர்க்க வேண்டும் என்று விளக்கம் வேறு.

அதோடு விட்டாரா? ராஜாமணி காபி கொண்டுவந்தாள். மனிதர் எழுந்து நின்றுவிட்டார். டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்து, “மெர்சி, மத்மோசேல்” என்றார். கல்யாணமாகாத பெண்ணை அப்படித்தான் அழைப்பார்களாம்.

பெண் பார்க்க வந்தவர் பெண்ணுக்கு எழுந்து நிற்பதா? கூடத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கிளம்பும்போது தாய்மாமன் சொன்னார்: “எங்களுக்குப் பூரண சம்மதங்க. சாயங்கால ரயிலுக்குள்ள உங்க முடிவை அரியலூர் ஸ்டேஷனுக்குச் சொல்லி அனுப்பிடுங்க. இன்னொரு எடமும் வந்திருக்கு.”

மாப்பிள்ளை பெரியப்பாவைக் கும்பிட்டு, “உங்க உபசாரத்துக்கு ரொம்ப நன்றிங்க” என்றார் — இந்தத் தடவை தமிழில்.

பெரியப்பாவின் முகம் கறுத்துவிட்டது. அப்பா காலமான பிறகு எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். வந்தவர்கள் வண்டி தெருமுனை திரும்பியதும் ஆரம்பித்தார்:

“சொந்தமாவப் போறவன் நன்றி சொல்லுவானா? விருந்து சாப்பிட்டுட்டு நாம என்ன சொல்லுவோம்? போயிட்டு வரேன்னு சொல்லுவோம். இவன் அன்னியன் மாதிரி முறிச்சுட்டுல்ல போறான். வேணாம்.”

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே! நம் பக்கத்தில் உறவுக்குள் நன்றி சொன்னால், ‘என்னை வேத்தாளா நினைச்சுட்டியா’ என்று சண்டைக்கு வருவார்கள். அங்கே சொல்லாவிட்டால் மரியாதையில்லை. இங்கே சொன்னால் மரியாதையில்லை. நடுவில் கொள்ளிடம் மட்டும்தானா ஓடுகிறது?

“நல்ல மனுஷனாத் தெரியுறாரு பெரியப்பா...” என்று இழுத்தேன்.

“நீ சும்மா இருப்பா.”

எங்கள் வண்டி பூட்டி நிற்கிறது. பொழுது சாய்கிறது. நான் என்ன பதிலோடு அரியலூர் போவது?

அப்போதுதான் ராஜாமணி சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். பெரியப்பா முன்னால் அவள் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை.

“வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து இந்த வூட்டுல எல்லாருக்கும் காபி கொண்டாந்து குடுக்கிறேன் பெரியப்பா. யாரு குடுக்கிறான்னு ஒருத்தரும் நிமிர்ந்து பார்த்ததில்ல. அவரு பார்த்தாரு. எனக்கு அவரையே கட்டி வைங்க.”

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார், மூடினார்.

“சம்மதம்னு சொல்லிட்டு வாப்பா” என்றார் கடைசியில், யார் முகத்தையும் பார்க்காமல்.

வாசலுக்கு ஓடினேன். ராஜாமணி பின்னாலேயே வந்து, “தண்ணி குடிச்சுட்டுப் போங்கண்ணே” என்று சொம்பை நீட்டினாள். குடித்தேன். அந்த ‘மெர்சி’ நாக்கு நுனிவரை வந்தது... சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டேன்.

பிரெஞ்சு வராமல் இல்லை, சார் — கூடப்பிறந்தவளிடம் சொல்ல வெட்கம்.