நான் எதிர்த்துப் போட்ட ஓட்டு

ஒரு நல்ல ஆசிரியைக்குக் கிடைக்க வேண்டிய பதவியை நான் கெடுத்தேன்.

நியூ ஜெர்சியில் நான் கணிதம் கற்பித்த கல்லூரியில், தைவானிலிருந்து வந்த பேராசிரியை ஒருவர் இருந்தார். எங்கள் துறையின் முதல் பெண் பேராசிரியர் அவர். வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலை வகுப்புகளைத் தொடங்கியவரும் அவரே. துறைத்தலைவர் தேர்வுக் கூட்டத்தில், அவருடைய உச்சரிப்பு மாணவர்களுக்குப் புரியாது என்று சொல்லி, எதிர்த்து வாக்களித்தேன். ஒரே ஓட்டில் தோற்றார்.

வீட்டில் சொன்னதும் என் மனைவி, "உங்க இங்கிலீஷ் மட்டும் என்ன வாழுதாம்?" என்றாள். என் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரித்தவர்களோடு சேர்ந்துகொள்ளத்தான் அப்படிப் பேசினேன் என்று அவளிடம்கூடச் சொல்லவில்லை.

ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கழித்து, வெஸ்ட் வின்ட்சரில் அவர் வீட்டுக்குப் போய் ஒப்புக்கொண்டேன். தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "அன்றைக்கே தெரியும். நீங்கள் பேசியதில் அந்த ஒரு வாக்கியம்தான் எல்லோருக்கும் புரிந்ததாம்." நான் தலைகுனிந்தேன். கோப்பையை என் பக்கம் நகர்த்தினார்.

அவரைப் பற்றிக் கல்லூரி வெளியிட்ட மலருக்கு இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். பாராட்டை மட்டும் வைத்துக்கொண்டு, ஓட்டு விஷயத்தை நீக்கிவிட்டார்கள். அச்சில் நான் அவருடைய நண்பனாக இருக்கிறேன்.